படகுல ரம்யா

அன்பு மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அந்த வரி வரமாட்டேன் என்கிறது. நீ நலமாக இல்லை, நானும் இல்லை, அது இரண்டு பேருக்கும் தெரியும். அப்பாதான் எழுதுகிறேன். முதலில் இந்தத் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது நம் கடைக் காலண்டரின் பின்பக்கம். உன் சிநேகிதன் பாபு நேற்று வந்திருந்தான். "அங்கிள், பெர்சா எழ்தினா அவனுக்குத் தெரியுது. பேப்பர்ல தலைப்பு மட்டும் பட்ச்சுகினு கீறான்," என்றான். அதனால் தடித்த கறுப்பு மார்க்கர் வாங்கி, நம் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கும் போர்டின் கடைசிக்கு முந்தைய வரி எழுத்து அளவுக்கு எழுதுகிறேன். ஸ்கேல் வைத்து அளந்துதான். ஒரு தாளுக்குப் பதினைந்து வரி கொள்கிறது. இந்த வருடத்துக் காலண்டர் தீர்ந்தால் போன வருடத்தது இருக்கிறது, அதற்கும் முந்தையது பரண்மேல் இருக்கிறது. கண் வலித்தால் நிறுத்திவிடு. மீதியைப் பாபு படித்துக் காட்டட்டும். அவன் முன்னால் மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை.

வரும் திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டு தாண்டி கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லத்துக்கு நீ போகப்போகிறாய் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த நோய் வந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடமாம். திரும்பி வருவதாக உனக்கு யோசனை இல்லையாம். "வூட்ல சொல்லாதன்னான் அங்கிள். எனக்குத்தான் மன்சு கேக்கல. நீங்க ஒரு வார்த்த சொன்னா நிப்பான்," என்று கடை வாசலில் நின்றபடியே சொன்னான். உள்ளே வாடா என்றேன், வரவில்லை. என்மேல் அவனுக்குக் கோபம், நியாயமான கோபம்தான். இன்று வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் நீ ஒருமுறை மயிலாப்பூர் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் எடுத்த எடுப்பில் கேட்டுவிட எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததை என் வாயால் முழுக்க ஒருமுறை சொன்ன பிறகு கேட்கிறேன்.

எங்கே தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்தேன். போர்டிலிருந்துதான் தொடங்கவேண்டும். உனக்கு நாலு வயது. அம்மா சாந்தோம் பள்ளிக்கூடத்தில் டீச்சர், சாயங்காலம்தான் வருவாள். அதனால் தி. நகர் கடைக்கு உன்னையும் தூக்கிக்கொண்டு வருவேன். பனகல் பார்க் பக்கத்துச் சந்தில் ரயில் பெட்டி மாதிரி இருக்கும் அந்தக் கடையை, இருபது அடி நீளம் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் பிடித்தேன். கண் பார்க்கும் நாற்காலிக்கும் எழுத்துப் போர்டுக்கும் நடுவே அவ்வளவு தூரம் வேண்டும். நீ அந்தப் போர்டுக்கு அடியில் தரையில் உட்கார்ந்து விளையாடுவாய். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை ட. கீழே வர வர எழுத்து சிறுத்து, ஏழாவது வரியில் ப ட க ல ர ம ய என்று பொடிப்பொடியாக ஏழு எழுத்து. நீ தமிழ் கற்றது அதில்தான். பள்ளியில் சேர்த்த முதல் வாரமே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாப் பிள்ளையும் அ-வில ஆரம்பிக்குது, உங்க பையன் ட-வில ஆரம்பிக்கிறான் சார்," என்றார். எனக்கு அதில் பெருமை.

கடைசி வரியை நீ உன் இஷ்டத்துக்குக் கால், கொம்பு போட்டு "படகுல ரம்யா" என்று பாடுவாய். யாருடா அந்த ரம்யா என்று கேட்டால், "படகுல போறாப்பா" என்பாய், அதற்குமேல் விவரம் கிடைக்காது. அது அப்படியே நம் வீட்டுப் பேச்சில் ஒட்டிக்கொண்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றால் படகுல ரம்யா. பரிட்சை எப்படிடா எழுதினே, படகுல ரம்யா. குழம்பில் உப்பு சரியா, படகுல ரம்யா. சினிமா நெகடிவ் வெட்டும் வேலைக்குக் கோடம்பாக்கத்தில் உன்னைச் சேர்த்துக்கொண்ட அன்று, பிலிம் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி இருக்கும் எண்களைப் படித்துப் படித்து வெட்டவேண்டும் என்று நீ சொல்ல, கண்ணு தாங்குமாடா என்று அம்மா கேட்க, அப்போதும் அதேதான் சொன்னாய். கண்ணாடிக் கடைக்காரன் மகனுக்குக் கண்ணை வைத்துப் பிழைக்கும் வேலை கிடைத்தது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என்னை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை, பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவன். கடை திறந்த இத்தனை வருடத்தில் ஒருவரையும் திருத்தியதில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், மாடவீதியிலிருந்து வரும் பாட்டு டீச்சர் மாமி. தெரியாத எழுத்தை யூகித்துச் சொல்வார். "அது ம-வா இருக்கலாம், இல்லேன்னா ய-வான்னு தோண்றது டாக்டர்." நான் விடமாட்டேன். "தோணக்கூடாது மாமி, தெரியணும். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. இங்க யாரும் மார்க் போடல." மாமி சிரித்துக்கொண்டே, "ஆத்துலயும் இப்படித்தான், நன்னாத் தெரியறதுன்னே சொல்லிண்டு காலத்தை ஓட்டிட்டேன்," என்பார். பொய் சொல்லி வாங்கிய கண்ணாடி பொய்யான கண்ணாடி என்று நான் பிரசங்கம் செய்யாத வாடிக்கையாளர் இல்லை. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

உனக்குத் தலைவலி ஆரம்பித்தது போன மழைக்காலத்தில். காலையில் எழுந்ததும் வலிக்கிறது, குனிந்தால் வலிக்கிறது, ஒரு நாள் வாந்தியும் எடுத்தாய். தலைவலி என்று ஆயிரம் பேர் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் நான் கண்ணாடிதான் போட்டேன், பாதிப்பேருக்குத் தலைவலி போகவும் செய்தது. சுத்தியல் வைத்திருப்பவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் ஆணி. உனக்கும் கால் பவர் ஏற்றி ஒரு கண்ணாடி போட்டேன். மூன்று வாரம் கழித்து, எழுந்து நிற்கும்போது ஒரு நொடி இருட்டிக்கொண்டு வருகிறது என்றாய். சாப்பாடு பத்தவில்லை என்றாள் அம்மா, பவர் பத்தவில்லை என்றேன் நான். இரண்டாவது கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் உட்கார்ந்து ஏழாவது வரி வரை கடகடவென்று படித்தாய். படித்து முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பாய். என் முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜெயித்துவிட்ட களை.

மூன்றாவது தடவை நீ வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மணி இருக்கும். அன்று மத்தியானம்தான் லென்ஸ் கம்பெனி ஏஜென்ட் ஒரு புதுப் போர்டு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பழையது மஞ்சளாகி ஓரம் சுருண்டுவிட்டது என்று அதைக் கழற்றி உள்ளே வைத்து, அதே ஆணியில் புதியதை மாட்டினேன். நீ உள்ளே வரும்போது கண்ணாடி மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாய். அதைப் பார்த்தேன், பார்த்தும் மனதில் ஏறவில்லை. இடது கண்ணை மூடி வலது கண்ணால் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். "ப... ட... க... ல... அடுத்தது ர-வாப்பா? ம... ய." நடுவில் கொஞ்சம் தயங்கிக்கூடக் காட்டினாய், மாமி மாதிரி. முடித்துவிட்டுச் சிரித்தாய். "படகுல ரம்யா."

நான் திரும்பிப் பார்த்தேன். என் குச்சி தொட்டுக்கொண்டிருந்த வரியில் ந வ த என்று வேறு என்னவோ இருந்தது. விளையாடுகிறாய் என்று நினைத்தேன். திருப்பிப் படிடா என்றேன். மறுபடி அதையே சொன்னாய். குச்சியை ஒவ்வொரு வரியாக மேலே கொண்டுபோனேன். ஒவ்வொரு வரிக்கும் பழைய போர்டைப் பிசகாமல் ஒப்பித்தாய். முதல் எழுத்தில் வைத்து, இது என்ன என்றேன். "ட," என்றாய். அங்கே உள்ளங்கை அகலத்துக்குக் க இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"தம்பி, போர்டை மாத்திட்டேன்டா."

நீ போர்டு இருந்த பக்கமே முகத்தை வைத்திருந்தாய். பிறகு கேட்டாய், "எப்பப்பா?"

"இன்னைக்கு மத்தியானம்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லப்பா."

அந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். பந்தியில் இலை போட்ட பிறகு சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று கேட்டவன் மாதிரி, அவ்வளவு மெதுவாகச் சொன்னாய்.

ஆட்டோ பிடித்து அடையாறு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் விளக்கை உன் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தார், மற்ற கண்ணையும் பார்த்தார், மறுபடி முதல் கண்ணுக்கு வந்தார். எனக்கு எழுத்து தெரியும், லென்ஸ் தெரியும். கண்ணின் பின்சுவரைப் பார்க்கும் வித்தை எனக்குத் தெரியாது. தெரியாது என்று உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். "கண்ணுல தப்பில்ல சார்," என்றார். "கண்ணுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. மூளையைச் சுத்தி இருக்கற தண்ணியோட அழுத்தம் ஏறிடுச்சு, அது நரம்பை நசுக்குது. தலைவலி அதனாலதான். ஒயர் எரிஞ்சுட்டா பல்பை மாத்தி என்ன பண்றது?" பிறகு கேட்டார், "இத்தனை நாளா யாரு பவர் பார்த்தாங்க?" நான்தான் என்றேன். அவர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

அங்கே முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் வேகமாக வந்தது என்று நர்ஸ் சொன்னார். அழுத்தம் இறங்குவதற்காக மறுநாளும் எடுத்தார்கள், அதற்கடுத்த நாளும் எடுத்தார்கள். மூளை உறையில் ஒரு பூஞ்சைக் கிருமி என்றார்கள். உடம்பில் எதிர்ப்புசக்தி உள்ளவர்களுக்கு அது சாதாரணமாக வராது என்று பெரிய டாக்டர் சொல்லி, ரத்தம் சோதிக்கவேண்டும் என்றார். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு, "வேணாம் டாக்டர், எனக்குத் தெரியும்," என்றாய். நீ சொல்ல, அம்மா உன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துடைக்கும் துணியைத் தூக்கினாள். அடியில் நாலாக மடித்த லேப் தாள், எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று. தலைவலி ஆரம்பிப்பதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி. அந்தக் கூட்டை நான் இரண்டு தடவை திறந்து கண்ணாடி மாற்றி வைத்திருக்கிறேன். துணியைத் தூக்கிப் பார்க்கவில்லை.

அப்போது நான் உன்னிடம் கேட்ட முதல் கேள்வி, வலிக்கிறதாடா என்பதல்ல. "எங்கடா போய் வாங்கிட்டு வந்தே?" பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முதுகில் பஞ்சு ஒட்டியிருந்த பிள்ளையிடம் அதைக் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை, இன்று வரை சொல்லவில்லை. இனிச் சொல்லவும் வேண்டாம். அந்தக் கேள்வியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று யாரும் பிள்ளையை அடிப்பதில்லை. இந்த ஒரு நோய்க்கு மட்டும் முகவரி கேட்கிறோம். கேட்டுத் தெரிந்துகொண்டு நான் என்ன செய்திருப்பேன்? ஒன்றும் செய்திருக்கமாட்டேன். கேட்பதில் ஒரு சௌகரியம் இருந்தது, அவ்வளவுதான். தப்பு உன்னுடையது என்று ஆகிவிட்டால் இரண்டு கண்ணாடியும் என் கணக்கில் வராது அல்லவா.

ஐந்து வாரத்தில் காய்ச்சல் விட்டது, தலைவலி விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் இருட்டு மட்டும் மிஞ்சியது. இடது கண்ணில் நடுவில் மட்டும் சாவித்துவாரம் மாதிரிக் கொஞ்சம் பார்வை. நரம்பு வெளுத்துக்கொண்டு வருகிறது, இருப்பது இருக்கலாம், போகவும் போகலாம் என்றார்கள். இரண்டு மாதம் முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மற்ற நோய்க்கு என்ன வழி என்று கேட்டதற்கு அவர் உன் தலையணையைச் சரிசெய்தார்.

சர்ச்சில் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நாலு பேர் கேட்டார்கள், பையனைக் காணோமே என்று. ஒருவரிடம் மூளைக்காய்ச்சல் என்றேன், அது பாதி உண்மை. இன்னொருவரிடம் பம்பாய்க்கு வேலையாகப் போயிருக்கிறான் என்றேன். மூன்றாவது ஆள் கேட்டபோது காதில் விழாத மாதிரி நடந்தேன். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன சீடன் கதைதான், சேவல் கூவாத குறை. அம்மா என் பக்கத்திலேயே நின்றாள். வீடு வந்து சேரும்வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு தாளையும் சுற்றி வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் வீட்டில் இருந்தாய். உனக்கென்று தனி டம்ளர் ஒன்று ஜன்னலோரத்தில் இருந்தது. யாரும் சொல்லி வைக்கவில்லை, நான்தான் வைத்தேன். பதினோராம் நாள் ஆட்டோவில் தனியாகக் கடைக்கு வந்தாய். "சும்மா ஒரு தடவை பாருங்கப்பா, இடது கண்ணுல எவ்வளவு மிச்சம் இருக்குன்னு," என்றாய். நாற்காலியில் நீயே உட்கார்ந்தாய். லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கும் கனமான ட்ரையல் பிரேமை நீயே தடவி எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாய். எல்லோருக்கும் அதை நான்தான் வைப்பேன், காதோரம் விரல் விட்டுச் சரிசெய்வேன். அன்று நான் லென்ஸை மட்டும் செருகினேன். விரல் உன் மேல் படாமல் செருகினேன். புதுப் போர்டு, உனக்கு மனப்பாடம் கிடையாது. முதல் எழுத்தைப் படித்தாய். இரண்டாவது வரியைத் திக்கித் திக்கிப் படித்தாய். மூன்றாவதில் நின்று, "தெரியலப்பா," என்றாய்.

இத்தனை மாதத்தில் நீ என்னிடம் சொன்ன முதல் தெரியலை. உன்னிடமிருந்து நான் கேட்கவேண்டிய வார்த்தை அது ஒன்றுதான். அதற்கு நான் என்ன செய்தேன்? நீ எழுந்து நின்ற பிறகு, துடைக்கும் துணியால் அந்த பிரேமைப் பிடித்து, மேசைக்கு அடியில் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டேன். உனக்குத் தெரியாது என்று நினைத்தேன். மெதுவாகத்தான் போட்டேன், ஆனால் அது இரும்பு, சத்தம் கேட்டுவிட்டது. நீ சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாய்.

"அப்பா, அது கடை திறந்த அன்னைக்கு வாங்கின பிரேம்பா."

"வளைஞ்சு போச்சுடா," என்றேன்.

"சரிப்பா," என்றாய். வாசல்படியைக் காலால் தேடி இறங்கிப் போனாய். நான் பின்னால் வரவில்லை. வீட்டுக்கும் நீ போகவில்லை. கே.கே. நகரில் பாபு அறையில் இருப்பதாக எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் கடைக்குப் போன் செய்தான். சரி என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஒளிக்கப்போவதில்லை.

தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, வேர்வையில் வராது என்று டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். நான் படிக்காதவன் இல்லை, எல்லாம் புரிந்தது. புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. மறுநாள் அம்மா சாப்பாடு கொண்டுவந்தவள் கடையைப் பெருக்கப்போய், தொட்டியில் பிரேமைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம்தான் ஆனது. எடுத்து முந்தானையில் துடைத்து, தன் மூக்கில் மாட்டிக்கொண்டு, நீ உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்ப என்னையும் தூக்கிக் குப்பையில போடுங்க," என்றாள். ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று, இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அவள் ஞாயிறுதோறும் பூசை முடிந்து, மீன் குழம்புத் தூக்கோடு பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வருகிறாள். உனக்குப் பிசைந்து ஊட்டிவிட்டு மிச்சத்தை அதே தட்டில் தானும் சாப்பிடுகிறாள் என்று பாபு சொன்னான். போன வாரம் பெசன்ட் நகர் மாதா கோயிலில் வெள்ளியில் ஒரு ஜோடிக் கண் காணிக்கை போட்டாள். ஒன்றுதானே காப்பாற்றவேண்டியிருக்கிறது என்றேன். "கேக்கறதுதான் கேக்கறோம், ரெண்டாவே கேப்போம்," என்றாள். என்னோடு இந்த இரண்டு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது. அந்த பிரேம் வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தினம் காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஜெபம் சொல்கிறேன், பாதியில் வார்த்தை விட்டுப்போகிறது.

நீ ஏன் ஒப்பித்தாய் என்று படுத்தால் எழுந்தால் யோசித்தேன். வேலை போனதைப் பாபு இப்போதுதான் சொன்னான். எண்ணைத் தப்பாகப் படித்து ஒரு நெகடிவை இடம் மாறி வெட்டிவிட்டாய், அன்றே அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் தினம் குளித்து, தலை சீவி, டிபன் டப்பாவோடு கோடம்பாக்கத்துக்குப் போவதாகக் கிளம்பியிருக்கிறாய். பயந்துதான் மறைத்தாய் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நாலு வயதில் அந்த வரியை நீ சொன்னால் நான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வேன். படகுல ரம்யா என்றால் அப்பா சிரிப்பார். உன்னிடம் வேறு ஒன்றும் மிஞ்சாதபோது எனக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருந்தது, அதைக் கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டு பவர் எழுதினேன். பொய் சொல்லவேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், என் பிள்ளை உண்மை சொல்வதற்கு வீட்டில் இடம் வைக்கவில்லை.

அப்பா கடிதம் என்றால் புத்தி சொல்லாமல் முடியாது, இரண்டு மூன்று கேட்டுக்கொள். காலை மாத்திரையை ஒரு நாளும் விடாதே, தலைவலி லேசாக வந்தாலும் மறைக்காதே. பாபு அறை மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது என்று அம்மா சொன்னாள், சுவர்ப் பக்கமாகவே இறங்கு, யார் பார்த்தாலும் தடவித் தடவியே இறங்கு. அதில் ஒரு வெட்கமும் இல்லை. யார் முகம் வாடினாலும் வாடட்டும், தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லாதே. இனி உன் கண்ணைப் பற்றி நீ சொல்வதுதான் கணக்கு, போர்டு இல்லை.

வா, தம்பி. திங்கட்கிழமை அந்த இல்லத்துக்குத்தான் போகவேண்டும் என்று நீ நினைத்தால் நான் தடுக்கமாட்டேன். ஆனால் நம் வீட்டிலிருந்து போ. உன் பையை நான் தூக்கிக்கொண்டு வந்து விடுகிறேன், எல்லோரும் பார்க்கும்படி சாந்தோம் வழியாகவே போவோம். சர்ச் வாசலில் யாராவது கேட்டால், என் மகன் என்று சொல்கிறேன், என்ன நோய் என்று கேட்டால் அதையும் சொல்கிறேன். ஜன்னலோர டம்ளரை எடுத்துவிட்டேன். அதில் இப்போது நான்தான் காப்பி குடிக்கிறேன். போவதற்கு முன்னால் ஒரு அரைமணி கடைக்கும் வா. ஊர்ப் பேரைச் சென்னை என்று மாற்றிவிட்டார்கள், நம் கடைப் பலகையில் இன்னும் மெட்ராஸ்-17 என்றுதான் இருக்கிறது. அதை மாற்றவில்லை. போர்டைத்தான் மறுபடி மாற்றினேன். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டிவிட்டேன். அந்த பிரேமை என் விரலால் உன் மூக்கில் வைத்து, காதோரம் சரிசெய்யவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான். மன்னிப்பைக் கேட்கவில்லை, அதைக் கேட்டால் நீ உடனே சரிப்பா என்று சொல்லிவிடுவாய்.

இதற்கு அடுத்த தாள்தான் கடைசி. அதில் ஒரே ஒரு எழுத்து, என்ன என்று சொல்லமாட்டேன். போர்டின் முதல் எழுத்து அளவுக்கு, உள்ளங்கை அகலத்துக்கு எழுதியிருக்கிறேன். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்து இடது கண்ணால் பார். யூகிக்காதே. பாபுவிடமும் கேட்காதே. தெரிந்தால் வா. தெரியவில்லை என்றால், தெரியலைப்பா என்று என்னிடம் சொல்வதற்காக வா.

அப்பா